பழைய மிக்ஸிக்கு ஆள் வருவார், டியூப்லைட்டுக்கு? மின்கழிவில் விட்டுப்போன முதல் கிலோமீட்டர்

எரியாத டியூப்லைட் இரண்டு. உப்பிப்போன பவர் பேங்க் ஒன்று. வயர் அறுந்த இயர்போன் நாலைந்து, எந்த போனுடையது என்றே தெரியாத சார்ஜர்கள், காலி மாத்திரை அட்டைகள், ஓடாத மிக்ஸி. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இவை பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கின்றன. தெருவில் பழைய இரும்பு வாங்குபவரின் குரல் கேட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினால், அவர் மிக்ஸியை மட்டும் எடை போட்டு எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்துவிடுவார். சிலர் மொத்தமாகவே வாங்கிக்கொள்வார்கள். உண்மையில் அதுதான் இன்னும் பெரிய சிக்கல். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மின்கழிவு, பழைய லித்தியம் பேட்டரி போன்றவற்றிலிருந்து அரிய கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை. அதே ஆண்டு ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு போட்டதும் இங்கே கார் கம்பெனிகள் தவித்தன இல்லையா, அந்தப் பதற்றமும் இந்தத் திட்டத்தின் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து ‘நகரத்துச் சுரங்கம்’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. குப்பையிலேயே கோபால்ட் இருக்கிறது, நியோடிமியம் இருக்கிறது, தோண்டி எடுப்போம் என்கிறார்கள்.

நல்லதுதான். ஆனால் அந்தச் சுரங்கத்தின் வாசல் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பரணிலிருந்து ஆலை வரைக்கும் அந்தப் பொருளை யார் கொண்டுபோவது? ஆலைக்குப் பணம் இருக்கிறது, கம்பெனிக்குச் சட்டம் இருக்கிறது. நடுவில் இருக்கும் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் யாரும் பொறுப்பாளி இல்லை.

இரண்டு கணக்கு, இரண்டும் உண்மை

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட 2024 உலக மின்கழிவு அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க உருவான மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்தியாவின் பங்கு சுமார் 41 லட்சம் டன். சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாம்தான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு வேறு. 2021-22-இல் நாட்டில் உருவான மின்கழிவு சுமார் 16 லட்சம் டன், அதில் 5.27 லட்சம் டன் முறையாகக் கையாளப்பட்டது, அதாவது மூன்றில் ஒரு பங்கு என்றது வாரியம்.

16 லட்சம் எங்கே, 41 லட்சம் எங்கே? யாரும் பொய் சொல்லவில்லை. அப்போது நம் சட்டம் 21 வகைப் பொருட்களை மட்டுமே மின்கழிவு என்று எண்ணியது. கம்பெனிகள் காட்டிய விற்பனையை வைத்துப் போட்ட கணக்கு அது. பட்டியலில் இல்லாத பொருள் குப்பையில் கிடந்தாலும் கணக்கில் கிடையாது. பின்னர் வந்த 2022 விதிகள் பட்டியலை 106 வகைகளாக நீட்டின. ஒரு பொருளைப் பட்டியலில் சேர்ப்பது ஒரு வேலை, அதை வீட்டிலிருந்து வாங்கிக்கொள்வது வேறு வேலை. முதலாவது நடந்திருக்கிறது.

சட்டத்தில் நீங்கள் எங்கே?

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த 2022 விதிகளின் மையம், ‘உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு’. டிவி விற்ற கம்பெனி, அந்த டிவியின் சராசரி ஆயுள் முடியும்போது, விற்ற எடையில் இத்தனை சதவீதத்தை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80.

கம்பெனி தானே ஆள் அனுப்பி உங்கள் வீட்டு டிவியை எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை பொருளை உடைத்து உலோகம் எடுக்கும். எடுத்த அளவுக்கு அதற்கு இணையத்தில் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழைக் கம்பெனி காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இலக்கு முடிந்தது.

பழைய 2016 விதிகளில் சேகரிப்பு மையங்களுக்கும், பொருளைப் பிரித்து உடைப்பவர்களுக்கும், கம்பெனிகளுக்காகச் சேகரித்துத் தரும் அமைப்புகளுக்கும் தனித்தனியாகப் பொறுப்பு எழுதப்பட்டிருந்தது. நுகர்வோருக்கும் கடமை இருந்தது. புதிய விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்கள் நான்கே வகை: தயாரிப்பவர், சந்தைக்குக் கொண்டுவருபவர், புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சி செய்பவர். சேகரிப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலகம், கல்லூரி மாதிரி மொத்த நுகர்வோருக்குக் கடமை இருக்கிறது. ஆனால், தனி வீட்டுக்கு என்று எதுவும் சொல்லப்படவில்லை.

நடைமுறையைச் சுலபமாக்கத்தான் இப்படிச் செய்தார்கள். ஒரு விதத்தில் சுலபமாகத்தான் ஆகியிருக்கிறது. நான்கு பேரை இணையத்தில் கண்காணிப்பது, ஆயிரக்கணக்கான சேகரிப்பு மையங்களை நேரில் போய்ச் சோதிப்பதைவிட எளிது. ஆனால் காகிதத்தை வைத்து நடக்கும் சந்தையில் காகிதமே பொய்யாகிவிடும் ஆபத்து உண்டு. பிளாஸ்டிக்கில் இதே முறை இருக்கிறது. அங்கே 2023-இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை வாரியமே கண்டுபிடித்தது. மின்கழிவில் பிரச்சினை வேறு மாதிரி வெடித்தது. ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாத விலைக்குச் சான்றிதழ்கள் விற்கின்றன என்று 2024-இல் அரசு குறைந்தபட்ச விலை வைத்தது. வீட்டு மின் சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். இது ரொம்ப அதிகம் என்று பல பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன.

இன்னொரு விஷயம். அந்தச் சான்றிதழ் நான்கு உலோகங்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது: தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. டியூப்லைட்டில் இந்த நான்கும் பேருக்குத்தான் இருக்கின்றன. அதில் இருப்பது கண்ணாடி, பாஸ்பர் பொடி, சில மில்லிகிராம் பாதரசம். அதைத் தேடி வந்து வாங்க ஒருவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

தங்கக் கதை

மின்கழிவு பற்றி எழுதும் எல்லோரும் முதலில் சொல்வது தங்கத்தைத்தான். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பதக்கங்கள் பழைய போன்களிலிருந்து வந்தவை என்று நீங்களும் படித்திருப்பீர்கள். உண்மைதான். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பான் மக்கள் 78,985 டன் சிறிய மின்சாதனங்களையும் 62.1 லட்சம் மொபைல் போன்களையும் கொடுத்தார்கள். அதிலிருந்து 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம். சுமார் 5,000 பதக்கங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. சிறிய மின்சாதனங்களை மறுசுழற்சி செய்வதற்கென்றே ஜப்பானில் 2013 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. உள்ளூராட்சிகள் ஏற்கெனவே பெட்டி வைத்துச் சேகரித்துக்கொண்டிருந்தன. பதக்கத் திட்டம் வந்தபோது 1,600-க்கும் மேற்பட்ட உள்ளூராட்சிகள் அந்தப் பாதையைத் திறந்துவிட்டன. தங்கம் மக்களை இழுத்தது, வாஸ்தவம்தான். ஆனால் கொண்டுபோய்ப் போட ஒரு பெட்டி முன்பே இருந்தது.

நம் ஊரில் தங்கக் கதையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டோம். ஒரு போனில் இருக்கும் தங்கம் சுமார் 0.03 கிராம். அதை எடுக்க டெல்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் சர்க்யூட் போர்டுகளை எரிப்பதும், அமிலத்தில் ஊறவைப்பதும் பல ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. வேலை செய்பவரின் நுரையீரலும், பக்கத்து ஆற்று மண்ணும்தான் அதற்கான விலை. தங்கம் இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, தங்கம் இருக்கும் பொருளுக்கு மட்டும் போட்டி கூடுகிறது. விஷம் மட்டும் இருக்கும் பொருள் அப்படியே கிடக்கிறது.

காயலான் கடைக்காரர் வில்லனா?

இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் வீட்டு வாசலுக்கு வந்து, எடை போட்டு, கையில் காசு கொடுத்து மின்கழிவை வாங்கும் ஆள் அவர்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டிலிருந்து ஒரு ஐசியைக் கழற்றி இன்னொரு டிவிக்கு உயிர் கொடுக்கும் மெக்கானிக்கும் அந்தச் சங்கிலியில்தான் வருகிறார். மறுசுழற்சியைவிட மேலானது பழுதுபார்ப்பு. அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருபவர்கள் இவர்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு இணையதளம் திறந்தது 2022 டிசம்பரில்தான்.

கடையின் கணக்கு எளிமையானது. விற்கக்கூடியதை எடு, மற்றதை விடு. பழைய பிக்சர் டியூப் டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளுக்கு நல்ல விலை. போர்டுக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்கும் ஆள் உண்டு. கண்ணாடிக் குடுவை மிச்சம். அதில் டியூபின் அளவைப் பொறுத்து அரைக் கிலோவிலிருந்து சில கிலோ வரை ஈயம் கலந்திருக்கும். அதை வாங்க ஆளில்லை. உடைந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ போய் விழுகிறது. குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் ‘பாதுகாப்பான அளவு’ என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிலர் மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான் பெரிய சிக்கல் என்று ஆரம்பத்தில் சொன்னதன் காரணம் இதுதான். நம் வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். போனது செம்பு மட்டும். கண்ணாடி நம் ஊரிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2006 முதல் 2011 வரை அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவிக்கள் சுமார் 1.6 கோடி. எல்லாமே பிக்சர் டியூப் டிவி. இந்தியாவின் முதல் மின்கழிவு விதிகள் எழுதப்பட்டது 2011-இல், நடைமுறைக்கு வந்தது 2012 மே மாதம். அதாவது சட்டம் வருவதற்கு முன்பே அத்தனை ஈயக் கண்ணாடியும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு வந்த ஆட்சியில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப். கொடுத்தது தவறு என்று சொல்ல வரவில்லை, பல வீடுகளில் முதல் டிவியும் முதல் கம்ப்யூட்டரும் அவைதான். ஆனால் நுகர்பொருளை இவ்வளவு பெரிய அளவில் விநியோகித்த ஒரு மாநிலம், அது ஓய்ந்தபின் திரும்ப வாங்கும் கவுன்டர் ஒன்றையும் யோசித்திருக்கலாம். ரேஷன் கடை மூலம் பொருள் கொடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு அது முடியாத காரியமா?

பாதரசத்துக்கும் இங்கே ஒரு முன்கதை இருக்கிறது. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது எப்படி என்று நினைவிருக்கிறதா? பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் இருந்த ஒரு பழைய பொருள் கடையில் கிடந்தது. அதை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் கண்டுபிடித்துப் போராடியதால்தான் விஷயம் வெளியே வந்தது. முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. விலையில்லாத கழிவு கடைசியில் காயலான் கடையில்தான் வந்து நிற்கும் என்பதைத் தமிழ்நாடு அப்போதே பார்த்துவிட்டது.

இப்போது டியூப்லைட்டின் கடைசி அலை வரப்போகிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாட்டு முடிவுப்படி, பொது வெளிச்சத்துக்கான ஃபுளோரசன்ட் விளக்குகளின் தயாரிப்பும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027-க்குள் முடிவுக்கு வர வேண்டும். இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. பள்ளிகள், அலுவலகங்கள், மாடிப்படிகள் எல்லாம் எல்இடிக்கு மாறும்போது கழற்றி வைக்கும் டியூப்கள் எங்கே போகும்? ஒரு டியூப் உடைந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு, பிறகு துண்டுகளையும் பொடியையும் கையால் தொடாமல் எடுத்து மூடிவைக்க வேண்டும். தினமும் நூறு டியூப் உடைக்கும் கூடத்தில் நிற்பவரின் கதை வேறு.

கேரளா என்ன செய்கிறது?

கேரளா என்றதும் சிலருக்குக் கோபம் வரலாம். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவைத் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டிவிட்டுப் போனதும், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனதும் நமக்கு மறக்காது. அந்தச் சம்பவத்தையும் கையில் வைத்துக்கொண்டே, வீட்டுக் கழிவில் அவர்கள் செய்திருப்பதைப் பார்க்கலாம்.

அங்கே ‘ஹரித கர்ம சேனை’ என்று ஒரு பெண்கள் அமைப்பு. குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வீடு வீடாகப் போய் மக்காத குப்பையை வாங்குகிறார்கள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் அளவில் கட்டணம், நகரங்களில் அதைவிடச் சற்றுக் கூடுதல். கதவில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வந்ததும் எடுத்ததும் பதிவாகிவிடும். சேர்ந்ததை ‘கிளீன் கேரளா’ என்ற அரசு நிறுவனம் வாங்கிக்கொண்டு மேலே அனுப்புகிறது.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது காலண்டர். பிளாஸ்டிக் மாதாமாதம் எடுத்தாலும், மற்றவற்றுக்கு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் பழைய துணி, ஒரு மாதம் செருப்பும் பையும், ஒரு மாதம் கண்ணாடி, ஒரு மாதம் மாத்திரை அட்டை, ஒரு மாதம் மின்கழிவு. எதை எப்போது எடுப்பார்கள் என்று வீட்டுக்காரருக்கு முன்னதாகவே தெரியும். அதனால் மாத்திரை அட்டையை ஒரு கவரில் சேர்த்து வைக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. சேகரிக்கிற தேதி தெரிந்தால்தான் சேர்த்துவைக்கிற பழக்கம் வரும். ‘பிரித்துப் போடுங்கள்’ என்று நம் ஊர் விளம்பரப் பலகை எத்தனை தடவை சொன்னாலும் தேதி இல்லாமல் அது வேலை செய்யாது.

2025-இல் இன்னொரு படி. மின்கழிவுக்குக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். பட்டியலில் இருக்கும் பொருளுக்கு எடைக்கேற்ற விலை. டியூப்லைட், சிஎஃப்எல் மாதிரி அபாயகரமானவற்றுக்கு விலை கிடையாது. ஆனால் அவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள், அப்புறப்படுத்தும் செலவு உள்ளாட்சியின் தலையில். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. விலையுள்ளதையும் விலையில்லாததையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே வாசலில் வாங்குகிறார். மிக்ஸியைக் காயலான் கடைக்கும் டியூபைக் குப்பைத் தொட்டிக்கும் பிரித்து அனுப்பும் நம் பழக்கத்துக்கு நேர் எதிர்.

இது சும்மா வந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்து நகரமே பல நாள் புகையில் மூச்சுத் திணறிய பிறகுதான் அரசு கெடுபிடி காட்டியது. ‘ஹரித கர்ம சேனைக்குக் காசு தர வேண்டியதில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிரச்சாரம் ஓடியது. கட்டணம் கட்டாயம்தான் என்று அரசு திரும்பத் திரும்ப விளக்கம் தர வேண்டியிருந்தது. இத்தனை இருந்தும் திருநெல்வேலியில் குப்பை விழுந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வாசலில் வாங்கும் ஆள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், மேலே எடுத்துக்கொண்டு போகும் லாரி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒருவர் தேவை.

தமிழ்நாட்டில்?

சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, வீட்டு அபாயக் கழிவைப் பெற ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு மையம் வைத்து, திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். டியூப்லைட், பேட்டரி, பெயின்ட் டப்பா, காலாவதி மருந்து எல்லாம் அதில் வரும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 22 மையங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மையம் எது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நகர்வே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய சோபா, மெத்தை மாதிரி பெரிய பொருட்களைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துச்செல்லும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. 1913-க்கு அழைத்துப் பதிவு செய்யலாம். மெத்தையைக் கூவத்தில் எறிவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். மாநில அளவில் ‘தூய்மை இயக்கம்’ என்று ஒன்று 2025-இல் ஆரம்பித்து, முதல் வேலையாக அரசு அலுவலகங்களில் தேங்கிக் கிடந்த பழைய சாமான்களை அகற்றினார்கள். சரியான இடத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள், வீட்டு வாசலுக்கு வருவதுதான் பாக்கி.

அதுவரை அபார்ட்மென்ட்டில் என்ன செய்யலாம்?

ஐடி காரிடாரிலும் மற்ற இடங்களிலும் பல குடியிருப்புச் சங்கங்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மின்கழிவு முகாம் நடத்துகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை கார் பார்க்கிங்கில் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு மினி லாரி. நல்ல விஷயம். பெரும்பாலான முகாம்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: வருகிற நிறுவனம் லேப்டாப், போன், ஏசி, வாஷிங் மெஷின் இருந்தால் உற்சாகமாக வரும். டியூப்லைட்டும் செத்த பென்சில் பேட்டரியும் என்றால் ‘அது எங்க லைன் இல்லை சார்’ என்றுவிடும்.

பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். 200 வீடு சேர்ந்தால் லேப்டாப்பும் ஏசியும் கணிசமாகச் சேரும். அது உங்கள் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு. நல்லதைக் கொடுத்தால் கெட்டதையும் எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் சேர்த்துத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிலோவுக்கு அதிக விலை தரும் ஆளைவிட, டியூப்லைட்டையும் பேட்டரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒன்றும் தராத ஆள் மேல். குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இதற்குக் கட்டாயம் ஒரு எதிர்ப்பு வரும்: ‘அந்தப் பக்கத்துக் கடையில வாஷிங் மெஷினுக்கு நல்ல விலை தர்றாங்களே!’ தருவார்கள்தான். அந்த விலையில் ஈயத்தையும் பாதரசத்தையும் முறையாக ஒழிக்கும் செலவு சேரவில்லை, அதனால்தான் அவ்வளவு தர முடிகிறது.

அந்தப் பக்கத்துக் கடைக்காரரையே முகாமுக்குக் கூப்பிடுவது இன்னும் நல்லது. வீடு வீடாகச் சேகரித்து, எடை போட்டு, கட்டி அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் சேகரிக்கட்டும், கூலி வாங்கிக்கொள்ளட்டும். உடைப்பதும் எரிப்பதும் மட்டும் அவர் கடையில் வேண்டாம், அதைப் பதிவு பெற்ற ஆலை செய்யட்டும். பெங்களூரில் ‘ஹசிரு தளா’ என்ற அமைப்பு மூலம் குப்பை சேகரித்த தொழிலாளர்களே மாநகராட்சியின் உலர்கழிவு மையங்களை நடத்துகிறார்கள். அதே யோசனைதான்.

யாரைக் கூப்பிட்டாலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எடையும் பொருள் வகையும் எழுதிய ரசீது வாங்குங்கள். எந்த ஆலைக்குப் போகிறது என்று கேளுங்கள். ‘அது எங்க ஆபீஸ்ல கேளுங்க’ என்று லாரி டிரைவர் சொன்னால், ஆபீஸில் நிஜமாகவே போன் போட்டுக் கேளுங்கள்.

போனைக் கொடுக்கப் பலர் தயங்குவது உள்ளே இருக்கும் போட்டோக்களுக்காக. நியாயமான தயக்கம்தான். அக்கவுன்ட்டிலிருந்து லாக்அவுட் செய்து, சிம்மும் மெமரி கார்டும் எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் போட்டால் சமீப ஆண்டுகளில் வந்த போன்களுக்குப் போதும், அவற்றில் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. பழைய கம்ப்யூட்டர் என்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துளை போட்டுக் கொடுங்கள்.

எடுத்துக்கொண்டாலும் மறுசுழற்சி ஆகாதவை

மாத்திரை அட்டையில் அலுமினியத் தகடும் பிவிசி பிளாஸ்டிக்கும் ஒன்றாக ஒட்டியிருக்கும். சிப்ஸ் பாக்கெட் பல அடுக்கு. பற்பசை டியூபும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றைப் பிரிக்கத் தொழில்நுட்பம் இருந்தாலும் கட்டுப்படியாவதில்லை. சேகரிக்கும் பலர் இவற்றைக் கடைசியில் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். தெருவோரத்தில் எரிப்பதைவிட அந்தச் சூளையின் வெப்பம் பல மடங்கு அதிகம், சாம்பலும் சிமென்ட்டோடு சேர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது மறுசுழற்சி இல்லை, எரிப்பு. முகாம் நடத்துபவர்கள் ‘எல்லாம் ரீசைக்கிள் ஆகுது’ என்று போஸ்டர் அடிக்காமல், எது எரிகிறது என்று சொல்லிவிடுவது நேர்மை.

பேட்டரிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். லித்தியம் பேட்டரியைச் சாதாரணக் குப்பையில் போட்டால், லாரி அமுக்கும்போது நசுங்கித் தீப்பிடிக்கும். பல நாடுகளில் குப்பை லாரிகள் எரிவதற்கு முக்கியக் காரணமே இதுதான். முகாம் நாள் வரை சேர்த்துவைக்கும்போது முனைகளில் செல்லோ டேப் ஒட்டி, அட்டைப்பெட்டியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். உப்பிப்போன பவர் பேங்க்கை அந்தப் பெட்டியிலும் போடக் கூடாது. சார்ஜ் ஏற்றாமல், குத்திப் பார்க்காமல், மூடியில்லாத பானையிலோ இரும்பு வாளியிலோ மணல் போட்டு அதற்குள் தனியாக வைத்து, எடுக்க வருபவரிடம் ‘இது உப்பியிருக்கு’ என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.